தேயாத செருப்பு

சர்தாப் கோட்டை அன்றைக்கும் விழவில்லை.

தரமணியில் பதினோராவது மாடியில், ஏசிக் குளிருக்குச் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு ஆறு பொறியாளர்கள் பாரசீகத்து மலை ஒன்றை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு பேரில் ஒருவனும் திருக்கழுக்குன்றத்துப் படிகளைக்கூட ஏறியவனில்லை. லிஃப்ட் ரிப்பேரான அன்று ஆபீஸ் பக்கமே வராமல், வீட்டுச் சோபாவில் படுத்தபடி முற்றுகை நடத்திய மாவீரர்கள்.

"திரும்பவும் இறங்கலையா?" என்று கத்தினான் தணிகைவேல். நிறுவனம் அவனுடையது. வயது முப்பத்திரண்டு, தாடி மட்டும் ஞானிகளுடையது.

"இறங்கலை பாஸ்."

"சோறு தீந்துதா பாரு."

"எங்க தீருது? பாறையைக் குடைஞ்சு தேன்கூடத் தொட்டி தொட்டியா ஊத்தி வச்சிருக்கானுங்க. தண்ணித் தொட்டியும் பனி உருகி உருகி ரொம்பிக்கிட்டே இருக்கு."

"அப்ப இன்னும் ரெண்டு குளிர்காலம் ஓட்டு."

ஓட்டினார்கள். இங்கே ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் அங்கே ஒரு குளிர்காலம் போய்விடும். இயந்திரத்தின் வேகம் அப்படி.

மூலையில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சஃபூரா தலையில் அடித்துக்கொண்டாள். அதிராம்பட்டினத்துக்காரி. கல்லூரியில் பாரசீகம் நடத்தியவள். படிக்க ஆளில்லாமல் துறையை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தவள். இந்தக் கோட்டைக்காரர்கள் பேசும் பழைய மலைப் பாரசீகம் எந்த மொழிபெயர்ப்புக் கருவிக்கும் பிடிபடவில்லை. அதனால் அவளை வைத்திருந்தார்கள். முற்றுகையிட்டவர்கள் சார்பில் கோட்டைக்குள் தூது போய்ப் பேசுவதுதான் வேலை. அவள் உள்ளே இருக்கிற நேரம் மட்டும் இயந்திரம் மெதுவாக ஓடும். கோட்டைகளில் பெண்கள் இருக்கக்கூடாது என்று எங்கோ அரைகுறையாகப் படித்துவிட்டு, அவளுக்கு அங்கே தாடி வைத்த ஒரு கிழவரின் உடம்பைக் கொடுத்திருந்தார்கள். ஐம்பது வயதில் இந்தக் கூத்தும் பாக்கியா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் புரிந்துவிடப் போகிறதா இவன்களுக்கு?

சரித்திரம் சிக்கலானதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மங்கோலியப் படை பாரசீகத்துக்குள் புகுந்தபோது, வடக்கு மலைகளில் ஷியா முஸ்லிம்களில் இஸ்மாயிலிகள் என்ற சிறு பிரிவினர் உச்சிக்கு உச்சி கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய தலைவரைப் பிடித்து, அவர் வாயாலேயே எல்லோரையும் இறங்கச் சொல்லி ஆணையிட வைத்தார்கள் மங்கோலியர்கள். பல கோட்டைகள் இறங்கின, சில இறங்கவில்லை. அந்த இறங்காத சிலவற்றைச் சேர்த்துப் பிசைந்து தணிகைவேல் ஆட்கள் கணினிக்குள் உருட்டியதுதான் சர்தாப். சரித்திரத்தில் இப்படியொரு கோட்டை கிடையாது. இவர்களுடைய சரித்திர அறிவுக்கு இதுவே அதிகம்.

மார்கழி முதல் வாரத்தில் மேஜர் கோதண்டம் வந்தார். ஓய்வுபெற்ற ராணுவக்காரர். இந்த வேலையைக் கொடுத்த சுரங்கக் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவுக்கு இப்போது அவர்தான் தலைவர். சுரங்கக் கம்பெனிக்குப் பாரசீகத்துக் கோட்டை எதற்கு என்று சஃபூரா அதுவரை யோசித்ததில்லை. பணக்காரர்களுடைய பொழுதுபோக்கு, ஏதாவது மியூசியம் கட்டுவார்கள் என்று விட்டுவிட்டாள்.

"இது வெறும் கேம் இல்லையே?" என்றார் மேஜர், திரையைப் பார்த்து.

"கேமா?" தணிகைவேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சார், உள்ள இருக்கிற ஒவ்வொரு ஆளும் யோசிப்பான். பசிக்கும், பயப்படுவான், தொழுவான். நாங்க எழுதிக் குடுத்த வசனத்தைப் பேச மாட்டான், அவனாத்தான் பேசுவான்."

"அப்ப உயிர்னு சொல்லு."

"உயிர் இல்லன்னு லீகல் டீம் எழுதிக் குடுத்துட்டாங்க சார்."

மேஜர் சிரித்தார். மேசைமேல் இரண்டு வரைபடங்களை விரித்தார். ஒன்று சர்தாப். இன்னொன்று காரிமலை என்றார். இரண்டுக்கும் மூன்று பக்கம் செங்குத்துப் பாறை, ஒரு பக்கம் ஆடு ஏறுகிற தடம், உச்சியில் தட்டையான நிலம், அதில் தண்ணீர். இரண்டு மலையும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருந்தன.

"ப்ரொஃபசரம்மா, மலைன்னா சும்மா இல்லம்மா. பாதிச் சண்டையை அதுவே போட்டுடும். கீழ இருக்கறவன் நூறு பேருன்னா மேல ரெண்டு பேரு போதும். காரிமலை மேல ஒரு முந்நூறு குடும்பம் உக்காந்திருக்கு. அடியில அலுமினியக் கல்லு. இறங்க மாட்டேங்கறாங்க. பொங்கலுக்குள்ள இறங்கலைன்னா ஆயுதத்தோட ஏறச் சொல்லி எனக்கு உத்தரவு."

"சுட்டுடுவீங்களா?" என்றாள் சஃபூரா.

"எனக்கு ஒண்ணும் ஆசையில்லம்மா. ஆனா சுடுவேன். சுடாம இறக்க ஒரு வழி கெடைச்சா அதைச் செய்வேன். அந்த வழியைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கோட்டை. இவங்க எதுக்கு மடங்கறாங்களோ, அதுக்குத்தான் அவங்களும் மடங்குவாங்க."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"என்னத்தச் சொல்றாங்க. மேல ஒரு ஊத்து இருக்காம். அது வத்தாத வரைக்கும் மலை அவங்களைக் கைவிடாதாம். இது ஒரு பேச்சா? படிப்பில்லாத ஜனம்."

மேஜரின் முகத்தைப் பார்த்தாள். கெட்டவர் முகம்கூட இல்லை அது. பேரனுக்குச் சைக்கிள் வாங்கித் தருகிற முகம். இந்த முகத்தோடு முந்நூறு குடும்பத்தைச் சுடப் போகிறார்.

அன்று மத்தியானம் எல்லோரும் பிரியாணிக்குப் போன பிறகு சஃபூரா கோட்டைக்குப் போனாள். தலைக்கருவியை மாட்டிக்கொண்டதும் எதிரே பனி. கீழ்வாசலில் கோட்டைத் தலைவன் கியா ஷீர்ஸாத் கல்மேல் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். கியா என்பது அந்த மலைநாட்டுத் தலைவர்களின் பட்டம். சன்னி வீட்டில் பிறந்த அவள் இந்தப் பிரிவினரைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே ஒரு நல்ல வார்த்தை கேட்டதில்லை. வழிதவறியவர்கள், கத்தியை மறைத்து வைத்திருப்பவர்கள் என்பார்கள். பாறைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அடம்பிடிக்கும் இந்த ஆளை முதலில் அவளும் வெறுக்கத்தான் செய்தாள். அவனும் அவளை எடுத்தெறிந்துதான் பேசுவான். ஆனால் இப்போதெல்லாம் அந்தப் பதினோராவது மாடியில் பேசுவதற்கு லாயக்கான ஒரே ஆள் அவன்தான் என்று ஆகியிருந்தது.

"வந்துவிட்டாயா, காட்டுமிராண்டிகளின் வாயே?" என்றான் கியா. "இன்றைக்கு என்ன கொண்டுவந்தாய்? உயிர்ப்பிச்சையா, பதவியா?"

"இரண்டும்தான். ஏன் இறங்க மாட்டேன் என்கிறீர்கள்? உங்கள் தலைவரே இறங்கச் சொல்லிவிட்டார்."

"கழுத்தில் கத்தியை வைத்திருப்பவன் சொல்லச் சொன்னதை அவர் சொன்னார். அதற்கு நான் கீழ்ப்படிந்தால் கத்திக்குத்தான் கீழ்ப்படிந்ததாக ஆகும்." அவன் மேலே கையைக் காட்டினான். "என் ஆட்களைக் கேள். அவர்கள் இன்னொரு காரணம் சொல்வார்கள். இத்தனை குளிர்காலத்தில் ஒருவனுடைய சட்டையும் கிழியவில்லை. ஒரு செருப்பும் தேயவில்லை. இறைவன் எங்கள் பக்கம் இருக்கிறான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்கிறார்கள்."

சஃபூராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துணி கிழிவதற்கான கணக்கை எழுத இந்தச் சோம்பேறிகள் மறந்துவிட்டார்கள்! பசி எழுதினார்கள், பயம் எழுதினார்கள், தொழுகைகூட எழுதினார்கள். சட்டை நைந்துபோகும் என்பது மட்டும் ஒருவன் மண்டையிலும் உதிக்கவில்லை. மாதம் ஒரு சட்டை வாங்கிப் பழையதைக் கடாசுகிறவனுக்கு எப்படி உதிக்கும்? நிஜத்தில் கிர்த்கூ என்ற கோட்டை பதினேழு வருஷம் தாக்குப்பிடித்துவிட்டுக் கடைசியில் உடுத்தத் துணியில்லாமல்தான் இறங்கியது. பழைய வரலாற்றில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. சர்தாபில் இவர்களுடைய சோம்பல் அற்புதமாகி, அந்த அற்புதம் மதில் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

ஓடிப்போய்த் தணிகைவேலின் மூஞ்சிக்கு நேராக இதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குக் கை பரபரத்தது. எத்தனை மாதமாகக் காத்திருந்த சந்தர்ப்பம்! கருவியைக் கழற்றப் போனவள் அப்படியே நின்றாள்.

சொன்னால் என்ன ஆகும்? துணி கிழிய வைப்பார்கள். அற்புதம் பொய்யானதும் கோட்டை ஒரே வாரத்தில் இறங்கிவிடும். மேஜர் அதைப் பார்த்துப் பாடம் படிப்பார். நம்பிக்கையின் ஆணி எங்கே இருக்கிறதோ அதைப் பிடுங்கினால் போதும் என்று தெரிந்துகொள்வார். பிறகு காரிமலை அடிவாரத்தில் நாலு ராட்சத போர்வெல் இறங்கும். ஊற்று வற்றும். மலை கைவிட்டுவிட்டது என்று அந்தச் சனங்கள் தாங்களாகவே மூட்டையைக் கட்டும். சொல்லாவிட்டால் பொங்கல் வரும், துப்பாக்கி ஏறும். சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு.

"என்ன, வாயடைத்துப்போனாய்?" என்றான் கியா. "துணி ஏன் கிழியவில்லை என்று உனக்குத் தெரியும், இல்லையா? எனக்கும் தெரியும்."

"உங்களுக்கா?"

"நான் மதிலைக் காவல் காக்கிறவன். கல் நகர்ந்தால் கவனிப்பேன், செருப்பைக் கவனிக்க மாட்டேனா? இறைவனுக்கு என் செருப்பைத் தைத்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை என்று நினைக்க நான் என்ன முட்டாளா? இந்தக் குளிரில் எல்லோர் தாடியிலும் பனி உறைகிறது. உன் தாடியில் ஒருநாளும் உறைந்ததில்லை. அதுவும் போக, நீ ஒரு பெண். ஆண் பிள்ளை இவ்வளவு நேரம் அடுத்தவன் பேச்சைக் கேட்கமாட்டான்." அவன் பூண்டுத்தோலை ஊதினான். "யாரோ எங்களைச் செய்திருக்கிறார்கள். செய்தவன் கைவேலை தெரியாத சோம்பேறி. உண்மைதானே?"

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சொன்னாள். இயந்திரம், தணிகைவேல், மேஜர், காரிமலை, ஊற்று எல்லாவற்றையும் அவனுக்குப் புரிகிற வார்த்தைகளில் கொட்டினாள். அவன் பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை.

"கிர்த்கூ கோட்டையும் இப்படிச் செய்ததுதானா?" என்று கேட்டான் கடைசியில்.

"அது நிஜம். வெகுகாலம் நின்றார்கள். துணியில்லாமல் இறங்கினார்கள். இறங்கியவர்களை வெட்டினார்கள்."

"நாங்கள் இறங்கினால்?"

"வேலை முடிந்துவிட்டது என்று இயந்திரத்தை அணைத்துவிடுவார்கள்."

"விளக்கை அணைப்பதுபோலவா?"

"அப்படித்தான்."

கியா முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினான். "எங்கள் வழக்கப்படி, கோட்டைத் தலைவனானதும் மனைவியையும் மகள்களையும் வெளியே அனுப்பிவிட்டேன். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் நூல் நூற்கிறார்கள். மூன்று மகள்கள். அவர்களையும் அணைப்பார்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று சஃபூரா நினைக்கவில்லை. "இல்லை," என்றாள். "அந்தப் பக்கம் எதையும் செய்யவே இல்லை. இந்தப் பள்ளத்தாக்கோடு நிறுத்திவிட்டார்கள். கிராமம் இல்லை. அவர்கள் உங்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறார்கள்."

பூண்டு கீழே விழுந்தது. அவன் எடுக்கவில்லை. அந்த முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. மேலே திரும்பி வானத்தைப் பார்த்து, அவளுக்கே அர்த்தம் தெரியாத மலைநாட்டுக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான் கியா. அதன் பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அந்த மேஜர் என்கிற ஆள், நாங்கள் எதற்கு மடங்குகிறோமோ அதைத்தான் அங்கே செய்வான், அல்லவா?"

"ஆமாம்."

"அப்படியானால் நாங்கள் மடங்குகிறோம். போய்ச் சொல். படை ஆற்றுக்கு அப்பால் பின்வாங்க வேண்டும். தளபதி ஆயுதமில்லாமல், வெறுங்காலோடு, தனியாக மேலே ஏறி வர வேண்டும். எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எல்லோர் முன்னாலும், நாங்கள் செய்தது தவறு, மன்னித்துவிடுங்கள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைச் செய்தால் நாங்கள் கதவைத் திறந்து இறங்குவோம். இறங்குவதைப் பார்த்து அந்த மடையர்கள் கைதட்டட்டும்."

"உங்கள் ஆட்கள் ஒத்துக்கொள்வார்களா?"

"அவர்களிடம் உண்மையைச் சொல்லிக் கேட்பேன். ஆடு மாதிரி ஓட்டிக்கொண்டு போகமாட்டேன்."

"இது உங்களுக்குப் பொய் இல்லையா?"

"உயிரைக் காக்க உள்ளத்தை மறைக்கலாம் என்று எங்களுக்கு ஓர் அனுமதி உண்டு. தகிய்யா என்போம். உன் ஆட்கள் அதைச் சொல்லித்தானே எங்களை ஏசுவார்கள்?"

"அது உங்கள் உயிரைக் காக்கத்தானே?"

"யாருடைய உயிர் என்று எங்கும் சொல்லவில்லை," என்றான் கியா ஷீர்ஸாத். "போ. எனக்கு வேலை இருக்கிறது."

பிரியாணி தின்றுவிட்டு வந்தவர்களிடம் சஃபூரா நிபந்தனைகளைச் சொன்னாள். எவனோ ஏப்பம் விட்டான்.

"மங்கோலியத் தளபதி மன்னிப்பு கேப்பானா மேடம்?" என்றான் தணிகைவேல். "லாஜிக்கே இல்லையே."

"நீங்க கேக்கச் சொன்னா கேப்பான் தம்பி. அவனுக்கு நீங்கதானே கடவுள்."

அந்த வார்த்தை அவனுக்குக் குளிர்ந்தது. மேஜரை வரவழைத்தான். மறுநாள் காலை பெரிய திரையில் எல்லோரும் பார்த்தார்கள். படை ஆற்றைத் தாண்டிப் பின்வாங்கியது. தளபதி செருப்பைக் கழற்றிவிட்டு, பனியில் ஆட்டுத்தடத்தில் மூச்சு வாங்க ஏறினான். தரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றான், மன்னிப்புக் கேட்டான். கதவு திறந்தது.

இருநூறு பேர் வரிசையாக வெளியே வந்தார்கள். ஒருவரும் அழவில்லை. சிலர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்திருந்தார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது சஃபூராவுக்கு அவர்கள் நடையிலேயே தெரிந்தது. கடைசியாக வந்த கியா நின்றான். தளபதியைத் திரும்பியும் பார்க்கவில்லை. மேலே, வானத்தில் எங்கோ, நேராகத் தணிகைவேலின் முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னான்.

"என்ன மேடம் சொல்றாரு?"

கியா சொன்னது இதுதான்: 'எங்களைச் செய்தவனே, உனக்கு வேலை தெரியவில்லை.'

"உங்க பண்பு எங்களை வென்னுடுச்சுங்கறாரு," என்றாள் சஃபூரா.

"வாவ்," என்றான் தணிகைவேல். அந்த வாக்கியத்தை அறிக்கையின் அட்டையிலேயே போடச் சொன்னான்.

மேஜருக்கு மட்டும் சந்தேகம். "ஒரே தடவை நடந்ததை எப்படி நம்பறது? கோட்டையை முதல்லேருந்து ஓட்டிப் பாக்கலாமே?"

இது சஃபூரா எதிர்பார்க்காதது. முதலிலிருந்து ஓட்டினால் வரும் கியாவுக்குக் காரிமலையும் தெரியாது, எதுவும் தெரியாது. இறங்கவே மாட்டான். எல்லாம் வீணாகிவிடும்.

"நூறு தடவை ஓட்டியாச்சு சார்," என்றான் தணிகைவேல், கண்ணைச் சிமிட்டாமல். "நூறுலயும் இதே ரிசல்ட்."

மறுபடி ஒரு தடவைகூட ஓட்டவில்லை அந்தப் புண்ணியவான். ஓட்டியிருந்தால் சாயங்காலம் அவன் மச்சான் கல்யாண வரவேற்புக்குப் போக முடியாது. கையோடு இயந்திரத்தையும் அணைக்கச் சொன்னான். ஆற்றங்கரையில் கால் வைத்துக்கொண்டிருந்த இருநூறு பேரும் அப்படியே இல்லாமல் போனார்கள். யாரோ கேக் வெட்டினார்கள். சஃபூராவுக்கும் ஒரு துண்டு வந்தது. அதைக் கொண்டுபோய்க் கழிவறைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டு விம்மி விம்மி அழுதாள்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால் காரிமலையைச் சுற்றியிருந்த ஆயுத வண்டிகள் ஆற்றுக்கு அப்பால் போயின. மேஜர் கோதண்டம் வெறுங்காலோடு மேலே ஏறினார். அவருக்கு நல்ல பருமன். இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினார் என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். மேலே கேப்பைக்கூழ் கொடுத்தார்கள், குடித்தார். உங்கள் மரத்தை வெட்டியதும் பையன்களை அடித்ததும் கம்பெனி செய்த தவறு, மன்னித்துவிடுங்கள் என்றார். முந்நூறு குடும்பத்தில் பாதிப் பேர் அதைக் கைபேசியில் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு ஊர்ப் பெரிய மனுஷி ஒருத்தி, "சரி சாமி, பாத்துப் போங்க, எறங்கற எடத்துல வழுக்கும்," என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தாள். யாரும் இறங்கவில்லை.

மறுவாரமே அந்தப் படம் நீதிமன்றத்தில் ஓடியது. கம்பெனியின் பாதுகாப்புத் தலைவரே தன் வாயால் தவறு என்று ஒப்புக்கொண்ட பிறகு வக்கீலால் என்ன கிழிக்க முடியும்? மலைமேல் ஆயுதத்தோடு யாரும் ஏறக்கூடாது என்று தடை வந்தது. மேஜரைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. தணிகைவேலின் ஆபீஸ் பூட்டப்பட்டது. சஃபூராவுக்கும் வேலை போயிற்று.

மாசி மாதத்தில் ஒருநாள் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது மேஜர் போனில் கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லும்மா. எனக்குத் தூக்கமே வரல. அந்தக் கோட்டைக்காரன் நெஜமாவே மன்னிப்புக்குத்தான் இறங்கினானா?"

சஃபூரா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடுத்த மீனை எடுத்தாள்.

"ஏமாத்திட்டான், இல்ல? அந்தக் கியா என்னை ஏமாத்திட்டான்."

"என்ன மேஜர் இப்படிப் பேசுறீங்க," என்றாள் அவள். "உயிர் இல்லன்னு லீகல் டீமே எழுதிக் குடுத்த ஆளுகிட்டயா போயி ஏமாந்தீங்க?"

கையில் மீன் செதிலோடு போனை வைத்தவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பகிர்ந்துகொள்ள ஒருத்தன்தான் இருந்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.